குட்டி ஏன் வளரவில்லை? மரபணு மாற்றிய சுண்டெலிகளில் எலும்புக் குறையைத் தேடிப் பிடிப்பது

பால்குடி மறந்து ஒரு வாரம் கழித்துக் கூண்டைத் திறக்கிறீர்கள். ஏழு குட்டிகளில் ஆறு கைக்கு அகப்படாமல் ஓடுகின்றன. ஏழாவது மட்டும் மற்றவற்றில் பாதி அளவில் மூலையில் பஞ்சுக்குள் பதுங்கிக் கிடக்கிறது. நாக்அவுட் செய்த, அதாவது செயலிழக்கவைத்த, மரபணு எலும்போடு தொடர்புடையது என்றால் மனம் உடனே முடிவுக்கு வந்துவிடும்: மரபணு போயிற்று, எலும்பு வளரவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான்கு மாதம் முழங்கால் எலும்பை வெட்டி வெட்டிப் பார்த்த பிறகுதான் அந்தக் குட்டிகளின் வாயைத் திறந்து பார்த்தேன். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றோடொன்று சேரவே இல்லை. தின்ன முடியாமல்தான் சிறுத்துப்போயிருந்தன.

அதற்குப் பிறகு எந்தக் குட்டையான குட்டியைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகளைத்தான் முதலில் கேட்கிறேன். எந்த நாளில் பின்தங்கியது? உடம்பு முழுக்க ஒரே அளவில் சிறுத்திருக்கிறதா, இல்லை கை, கால், முகம் என்று ஏதோ ஒரு பகுதி மட்டும் குட்டையா? கீழே உள்ளதெல்லாம் இந்த இரண்டு கேள்விகளிலிருந்து கிளைப்பவை. உங்கள் குட்டிக்குப் பொருந்தும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஆனால் அடுத்த பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

எதற்கும் முன்னால்: தராசும் அளவுகோலும்

பிறந்த குட்டி ஏறக்குறைய 1.2 முதல் 1.5 கிராம் இருக்கும். 21-ஆம் நாள் பால் மறக்கும்போது 8 முதல் 12 கிராம். இது இனத்தையும் ஈற்றில் எத்தனை குட்டிகள் என்பதையும் பொறுத்தது. ஒரு நாள் மட்டும் போட்ட எடையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பிறந்த நாள், 3, 7, 10, 14, 21, 28 என்று தொடர்ந்து போடுங்கள். அந்தக் கோடு எந்த நாளில் பிரிகிறதோ, அங்கேதான் பாதி விடை இருக்கிறது. எலி இரவில் தின்னும். அதனால் எப்போதும் ஒரே நேரத்தில் எடை போடுவது முக்கியம். சிறு குட்டிகளைத் தொடுவதற்கு முன் கையுறையை அந்தக் கூண்டுத் தூளிலேயே தேய்த்துக்கொண்டால் தாய் குட்டிகளை ஒதுக்காது.

எடையோடு நீளமும் வேண்டும். மூக்கு நுனியிலிருந்து ஆசனவாய் வரை ஓர் அளவு, வால் தனியாக ஓர் அளவு, எக்ஸ்ரேயில் தொடையெலும்பு ஓர் அளவு. எடை குறைந்து நீளம் சரியாக இருந்தால் அது மெலிவு, குள்ளத்தன்மை இல்லை. வளர்ந்த எலியின் தொடையெலும்பு மொத்தமே 15, 16 மி.மீ.தான். அதில் 1 மி.மீ. குறைந்தாலே பெரிய குறை. ஆனால் படம் எடுக்கும்போது கால் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் நிழல் குட்டையாக விழுந்து அதே 1 மி.மீ. குறைந்துவிடும். காலை நாடாவால் தட்டில் ஒட்டி, இரண்டு காலையும் அளந்து பாருங்கள். இடமும் வலமும் பெரிதாக வேறுபட்டால் குறை கால் வைத்த விதத்தில் இருக்கிறது.

ஒப்பிடுவது அதே ஈற்றில் பிறந்த, அதே பாலைச் சேர்ந்த இயல்பான குட்டியோடுதான். நான்கே குட்டிகள் உள்ள ஈற்றில் ஒவ்வொன்றும் கொழுகொழுவென்று இருக்கும். பதினொரு குட்டிகள் இருந்தால் எல்லாமே இளைத்திருக்கும். வேறு கூண்டின் குட்டியைக் கன்ட்ரோலாக வைத்தால் மரபணுவைப் பார்க்கவில்லை, தாய்ப்பாலின் பங்கைத்தான் பார்க்கிறீர்கள்.

அடுத்தது விகிதம். ஒரு பிரதி மாறிய பெற்றோர் இருவரைச் சேர்த்தால், இரு பிரதியும் மாறிய குட்டிகள் நான்கில் ஒன்று வர வேண்டும். குட்டையான குட்டிகளையெல்லாம் ஒரு பக்கம் வைத்து, எந்தக் குட்டியில் எத்தனை பிரதி மாறியிருக்கிறது என்று காட்டும் டிஎன்ஏ சோதனையான பிசிஆர் முடிவைப் பாருங்கள். குட்டையாக இருப்பவை ஆறு, அவற்றில் இரு பிரதியும் மாறியவை மூன்று, ஒன்று இயல்பானது, மற்ற இரண்டும் ஒரு பிரதி மாறியவை என்று வந்தால், எலும்பை வெட்டாதீர்கள். ஒன்று, சோதனைக்குக் காதிலிருந்து வெட்டியெடுத்த திசுத் துணுக்குகள் இடம் மாறியிருக்கின்றன, அல்லது இவை வெறும் சவலைக் குட்டிகள். வேறு திசுவிலிருந்து டிஎன்ஏ எடுத்து மறுபடி பாருங்கள். டிஎன்ஏவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையில் உண்டாக்கிய முதல் தலைமுறையில் குட்டையானது வந்தால் அதை நம்பவே வேண்டாம். அந்த எலியின் உடம்பில் பலவகை மாற்றங்கள் கலந்திருக்கும். வாலில் ஒன்று, எலும்பில் இன்னொன்று. இயல்பான எலியோடு சேர்த்து, அடுத்த தலைமுறைகளில் ஒரே மாற்றத்தைப் பிரித்து எடுத்த பிறகு பேசலாம். வெட்டிய இடத்தைச் சுற்றிச் சில நூறு எழுத்துகளை மட்டும் பிசிஆர் செய்தால் பெரிய நீக்கங்கள் கண்ணில் படாமல் தப்பிவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அறிகுறி: பிறந்த சில மணி நேரத்தில் இறந்துவிடுகின்றன

பால் மறக்கும் நாளில் எண்ணினால் இந்தக் குட்டிகள் கணக்கிலேயே வராது; இறந்த குட்டியைத் தாய் தின்றுவிடும். விகிதம் நான்கில் ஒன்றுக்குப் பதில் சுழியம் என்று வந்தால், கர்ப்பத்தின் 18.5-ஆம் நாளில் வயிற்றைத் திறந்து குட்டிகளை எடுத்துப் பாருங்கள். அங்கே நான்கில் ஒன்று சரியாக இருந்தால் அவை கருவில் இறக்கவில்லை, பிறப்பைத் தாண்ட முடியவில்லை.

பிறந்த குட்டியின் தோல் மெல்லியது. பால் குடித்திருந்தால் இடது பக்கம் வயிற்றில் வெள்ளையாக ஒரு திட்டு வெளியே தெரியும். அந்தத் திட்டு இல்லாமல் வயிறு காற்றால் உப்பியிருந்தால், கீழ்த்தாடையை அகற்றி அண்ணத்தைப் பாருங்கள். பெரும்பாலும் நடுவில் பிளந்திருக்கும். குட்டி நீலம் பாய்ந்து, வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்தால் நுரையீரலை எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். மூழ்கினால் காற்றே உள்ளே போகவில்லை. விலா எலும்பு குட்டையாகவோ மெத்தென்றோ இருந்தால் மார்புக்கூடு விரியாது. எலும்புக் குறை உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

ரன்எக்ஸ்2 மரபணு முற்றிலும் இல்லாத குட்டிகள் இப்படித்தான் இறக்கின்றன. 1997-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதைக் காட்டின: உடம்பு முழுக்கக் குருத்தெலும்புச் சட்டகம் இருக்கிறது, உண்மையான எலும்பு இல்லை. அதே மரபணுவில் ஒரு பிரதி மட்டும் போனால் குட்டி பிழைக்கிறது. ஆனால் காறை எலும்பு குறுகி, உச்சிக்குழி மூடாமல் இருக்கும். சாக்ஸ்9 என்ற மரபணுவில் ஒரு பிரதி போனாலே போதும்: வளைந்த எலும்பு, பிளந்த அண்ணம், பிறப்போடு மரணம். அதனால் ஒரு பிரதி மாறிய குட்டியை யோசிக்காமல் கன்ட்ரோல் பக்கம் சேர்க்காதீர்கள்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியே ஆக வேண்டும். தசையை உருவாக்கும் மயோஜெனிக் காரணிகளில் ஒன்றான மிஃப்5 மரபணுவை 1992-இல் நாக்அவுட் செய்தார்கள். குட்டிகள் பிறந்தவுடன் இறந்தன. விலா எலும்புகள் பாதியில் நின்றிருந்தன. தசைக்கான மரபணு விலா எலும்பை எப்படித் தடுக்கிறது என்று பல ஆண்டுகள் ஆய்வுகள் நடந்தன. 2000-இல் அதே மரபணுவை வேறு விதமாக நீக்கிப் பார்த்தபோது குட்டிகள் பிழைத்தன. விலா எலும்புகள் முழுதாக இருந்தன. முதலில் செய்த மாற்றம் மிஃப்5-ஓடு நிற்காமல், அதே குரோமோசோமில் பக்கத்தில் இருந்த வேறொன்றையும் கெடுத்திருந்தது. இலக்கு வைத்து மரபணுவை மாற்றும்போது தேர்வுக்காக நுழைக்கும் நியோமைசின் எதிர்ப்புத் துண்டு இன்னும் உள்ளேயே இருந்தால், எடுத்துவிட்டுப் பாருங்கள். அந்தத் துண்டை வெட்டியெடுக்கும் நொதி சுமக்கும் எலியோடு ஒரு முறை இணைசேர்ப்பதுதான். மூன்று மாத வேலை. அதைச் செய்யாமல் எலும்புக் குறையை எழுதுவதை நான் ஏற்பதில்லை.

அறிகுறி: பிறக்கும்போதே சிறியது, ஆனால் உடல்வாகு சீராக இருக்கிறது

கருவிலேயே வளர்ச்சி குறைந்திருக்கிறது. இங்கே முதலில் நினைக்க வேண்டியது இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணிகள் (ஐஜிஎஃப்). ஐஜிஎஃப்-1 இல்லாத குட்டி இயல்பில் 60 சதவீத எடையோடு பிறக்கும். பிறகும் பின்தங்கிக்கொண்டே போகும். ஐஜிஎஃப்-2 இல்லாததும் 60 சதவீதம்தான், ஆனால் பிறந்த பிறகு இயல்பான வேகத்தில் வளரும். இரண்டையும் செல்லில் பிடித்துக்கொள்ளும் பொதுவான புரதமான ஏற்பியை எடுத்துவிட்டால் 45 சதவீதம். மூச்சு விட முடியாமல் இறந்துவிடும். அதாவது பிறப்பு எடை ஒன்றாகவே இருந்தாலும், அதற்கடுத்த மூன்று வாரக் கோடு இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும்.

விகிதம் புரியாமல் தவிப்பவர்களுக்கு ஐஜிஎஃப்-2 நல்ல பாடம். மாற்றம் தந்தையிடமிருந்து வந்தால் குட்டி சிறியது. அதே மாற்றம் தாயிடமிருந்து வந்தால் குட்டி இயல்பானது. கருவில் தந்தை வழிப் பிரதி மட்டுமே பெரும்பாலும் வேலை செய்கிறது. 1990-களின் தொடக்கத்தில் இது வெளிவந்தபோதுதான், இந்த முத்திரைப் பதிவு எந்த அளவுக்கு உடம்பின் வளர்ச்சியை ஆள்கிறது என்று தெளிவானது. உங்கள் கூண்டுகளில் ஒரு பிரதி மாறிய குட்டிகளில் பாதி சிறியதாகவும் பாதி இயல்பாகவும் வந்தால், பிசிஆரைச் சந்தேகிப்பதற்கு முன் தாய், தந்தையை மாற்றிப் போட்டு இரண்டு ஈற்று எடுத்துப் பாருங்கள். நஞ்சுக்கொடியையும் எடை போட்டு வையுங்கள். அது சிறியது என்றால் குட்டியின் எலும்பைக் குறை சொல்ல முடியாது.

அறிகுறி: பிறக்கும்போது சரியாக இருந்தது, இரண்டாம் மூன்றாம் வாரத்தில் நின்றுவிட்டது

குட்டி அழகாக, சின்னப் பொம்மை போல, எல்லாப் பகுதியும் அளவாகச் சிறுத்து இருக்கும். இது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் கதை. ஸ்னெல் குள்ள எலி 1929-இலேயே விவரிக்கப்பட்டது. பிட்-1 என்ற மரபணுவின் பிழை அது. ஏம்ஸ் குள்ள எலியில் பிராப்-1. இரண்டிலும் வளர்ச்சி ஹார்மோன், புரோலாக்டின், தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் மூன்றும் இல்லை. பிறக்கும்போது மற்ற குட்டிகளோடு வேறுபாடு தெரியாது. வளர்ந்த பிறகு மூன்றில் ஒரு பங்கு எடைதான். ஏம்ஸ் குள்ளர்கள் சாதாரண எலியைவிட ஏறக்குறைய பாதி ஆயுள் கூடுதலாக வாழ்கின்றன என்று 1996-இல் தெரியவந்தது. அதனால் இந்தக் குட்டிகளை நோயாளிகள் என்று அவசரப்பட்டுக் கூண்டிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

இந்த இடத்தில் பலர் செய்யும் தவறு, ஒரு துளி ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோனை அளப்பது. அந்த ஹார்மோன் அலை அலையாக வருவது; நீங்கள் ஊசி குத்திய நிமிடம் மேடா பள்ளமா என்பது தற்செயல். அதற்குப் பதில் ரத்தத்தில் ஐஜிஎஃப்-1 அளவைப் பாருங்கள், அது நாள் முழுக்க நிலையாக இருக்கும். சரி, அது குறைவாக வந்தால் விடை கிடைத்துவிட்டதா? இல்லை. பட்டினி கிடந்த குட்டியிலும் அது குறையும். இன்னொரு சிக்கலும் உண்டு. 1999-இல் கல்லீரலில் மட்டும் ஐஜிஎஃப்-1 மரபணுவை நீக்கினார்கள். ரத்தத்தில் அளவு கால் பங்குக்கு வந்தது, எலி ஏறக்குறைய இயல்பாகவே வளர்ந்தது. ரத்தத்தில் குறைந்தது என்பதால் மட்டும் எலும்பு குட்டையாகாது. ரத்த அளவு, பிட்யூட்டரியின் பருமன், ஹார்மோனை ஊசியாகப் போட்டால் வளர்ச்சி திரும்புகிறதா என்ற மூன்றையும் சேர்த்துத்தான் தீர்ப்பு. ஏற்பியே இல்லாத எலிக்கு ஹார்மோனை எவ்வளவு போட்டாலும் பலன் இருக்காது. அதுவே ஒரு விடை.

தைராய்டைத் தனியாகப் பாருங்கள். இயல்பான குட்டி 12 முதல் 14 நாளில் கண் திறக்கும். கண் திறப்பது பல நாள் தள்ளிப்போய், குட்டி மந்தமாகவும் இருந்தால் தைராக்சின் அளவை முதலில் அளக்கச் சொல்வேன். தைராக்சினைச் சுரக்கும் தைராய்டு செல்களே உருவாகாத பாக்ஸ்8 நாக்அவுட் குட்டிகள் பால் மறக்கும் சமயத்தில் இறந்துவிடுகின்றன. தைராக்சின் கொடுத்தால் பிழைக்கின்றன.

ஹார்மோன் எல்லாம் சரி, பிட்யூட்டரி சரி, ஆனாலும் குட்டி அளவாகச் சிறியது என்றால் பிக்மி எலியை நினைத்துக்கொள்ளுங்கள். 1940-களிலிருந்து அறியப்பட்ட வகை அது. 1995-இல்தான் ஹெச்எம்ஜிஏ2 என்ற மரபணுவின் இழப்பு என்று கண்டுபிடித்தார்கள். அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது, தற்செயலாக அங்கே போய் விழுந்த ஒரு வெளி மரபணுத் துண்டு. உங்கள் டிரான்ஸ்ஜீன் (வெளி மரபணு நுழைத்த) எலியிலும் துண்டு விழுந்த இடமே குறைக்குக் காரணமாக இருக்கலாம். அதனால் ஒரே ஒரு எலி வம்சத்தை வைத்து முடிவு சொல்லாமல், தனியே உண்டாக்கிய இரண்டாவது வம்சத்திலும் அதே குறை வருகிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: கை கால் குட்டை, தலை உருண்டை, மூக்கு அமுங்கியது

உடம்பு சிறுத்தது சீராக இல்லை என்றால்தான் எலும்பு முனையில் நீளத்தைக் கூட்டும் குருத்தெலும்புப் பகுதியான வளர்ச்சித் தட்டை வெட்டிப் பார்க்க வேண்டிய நேரம் வந்திருக்கிறது. குருத்தெலும்பு வழியாக உருவாகும் எலும்புகள் எல்லாம் குட்டை: நீண்ட எலும்புகள், முதுகெலும்பு, மண்டையோட்டின் அடிப்பகுதி. அடிப்பகுதி வளராததால்தான் முகம் அமுங்குகிறது; மேல் ஓடு இயல்பாக வளர்வதால் தலை குவிகிறது. ஒரே ஓர் எச்சரிக்கை: தலை குவிந்திருப்பது மூளைக்குள் நீர் தேங்கியதாலும் இருக்கலாம், அது இந்த ஆய்வக இனங்களில் அவ்வப்போது தானாகவே வரும். தலையை வெட்டிப் பார்த்து அதை முதலில் ஒதுக்குங்கள்.

இரண்டு அல்லது மூன்று வாரக் குட்டியின் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையை எடுத்து, ஈடிடிஏ-வில் சுண்ணாம்பு கரையும் வரை பொறுமையாக வைத்து, சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம் போட்டுப் பாருங்கள். இயல்பான குட்டியில் சிவந்த களத்தில் செல்கள் அப்பளக் கட்டு அடுக்கியது போல நெடுவரிசையாக நிற்கும். மேலே ஓய்வில் இருப்பவை, நடுவே பெருகும் தட்டைச் செல்கள், கீழே ஊதிப் பெருத்தவை. அவற்றுக்கும் கீழே எலும்பு. வெட்டு சாய்வாக விழுந்தால் இந்த வரிசை கலைந்தது போலவே தெரியும். என்னிடம் வந்த "வரிசை குலைந்த" படங்களில் கணிசமானவை சாய்ந்த வெட்டுகள். தொடர்ந்து பல வெட்டுகள் எடுத்து, மூட்டின் நடுப்பகுதி வந்ததை மட்டும் அளக்கவும்.

எந்த அடுக்கு குறைந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. பெருகும் அடுக்கு குட்டையாக இருந்தால் பெருக்கம் குறைந்திருக்கிறது. கொல்வதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் பெருகும் செல்களில் ஏறும் எட்யூ என்ற குறிப்பொருளை ஊசியாகப் போட்டு எண்ணிப் பார்க்கலாம். பெருகும் அடுக்கு சுருங்கி, ஊதிய செல்கள் மேலே நெருங்கி வந்திருந்தால், செல்கள் உரிய காலத்துக்கு முன்பே முதிர்கின்றன. பிடிஹெச்ஆர்பி என்ற புரதம் இல்லாத குட்டிகளில் 1994-இல் கண்டது இதைத்தான். இந்தியன் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதமும் பிடிஹெச்ஆர்பியும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும் கயிறு போல. ஒன்று தளர்ந்தால் முதிர்ச்சி முந்தும். ஊதிய அடுக்கு மட்டும் அளவுக்கு மீறி நீண்டிருந்தால், கீழே அதை அரித்து எலும்பாக்கும் வேலை தாமதப்படுகிறது. ரிக்கெட்ஸ் போன்ற நோய்களை நினையுங்கள். செல்கள் சரியாக இருந்து, அவற்றுக்கு இடையே உள்ள சாந்து மட்டும் வெளிறியிருந்தால் அக்ரிகன், கொலாஜன்-2, சல்ஃபேட் ஏற்றும் நொதிகள் பக்கம் போங்கள். பிராக்கிமார்ஃபிக் எலியில் பழுதானது சல்ஃபேட்டைச் செயல்நிலைக்குக் கொண்டுவரும் நொதிதான்.

இந்த அறிகுறியில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் எஃப்ஜிஎஃப்ஆர்3 என்ற ஏற்பி. மனிதரில் அகாண்ட்ரோபிளேசியா என்ற குள்ளத்தன்மைக்கு அந்த ஏற்பியில் ஓர் எழுத்து மாறுவதே காரணம் என்று 1994-இல் கண்டறிந்தார்கள். அது ஏற்பியை இழப்பதால் வருவதல்ல. ஏற்பி ஓயாமல் வேலை செய்வதால் வருவது. எலியில் அதே மாற்றத்தைச் செய்தால் எலியும் குட்டையாகிறது. அந்த ஏற்பியின் வேலையைத் தணிக்கும் சி-வகை நேட்ரியுரெட்டிக் பெப்டைடைக் குருத்தெலும்பில் கூடுதலாகச் சுரக்கவைத்தபோது அந்தக் குட்டை எலிகளின் எலும்பு நீண்டது என்று 2004-இல் ஜப்பானில் காட்டினார்கள். அந்தப் பாதையில் வந்த வோசோரிடைட் மருந்து 2021-இல் குழந்தைகளுக்கு அனுமதிக்கப்பட்டது. இந்தக் கூண்டுகளில் நாம் அளக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் எங்கேயோ ஒரு குழந்தையின் உயரத்தோடு தொடர்பு இருக்கிறது. அளவைச் சரியாக எடுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

அறிகுறி: எலி குட்டையாகத் தெரிகிறது, ஆனால் எலும்பு நீளம்

முன் சொன்னதற்கு நேர் எதிர். எஃப்ஜிஎஃப்ஆர்3-ஐ முற்றிலும் நீக்கினால் நீண்ட எலும்புகள் கூடுதலாக வளர்கின்றன, வால் வளைகிறது, முதுகு கூன் விழுகிறது. கூன் விழுந்த எலியை மூக்கிலிருந்து ஆசனவாய் வரை அளந்தால் குட்டையாகத்தான் வரும். எக்ஸ்ரே எடுக்காமல் "குள்ளம்" என்று பதிவேட்டில் எழுதாதீர்கள்.

அறிகுறி: பால் மறக்கும் வரை சரி, அதற்குப் பிறகு சரிவு

எனக்கு நடந்தது இதுதான். நான்காம் வாரத்தில் எடைக்கோடு சாய்ந்தால் மரபணுவை மறந்துவிட்டுக் குட்டியின் வாயைப் பாருங்கள். எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். மேலும் கீழும் உரசித்தான் தேயும். முகம் அமுங்கிய எலியில் அவை சேராது. கீழ்ப் பல் மூக்கை நோக்கிக் கொம்பு போல வளர்ந்துவிடும். எலும்பை அரிக்கும் செல்கள் இல்லாத எலிகளில், சிஎஸ்எஃப்-1 குறைந்த ஓபி எலி, ராங்க் லிகண்ட் நாக்அவுட் போன்றவற்றில், பல் முளைக்கவே முளைக்காது. கடினமான தீனி வில்லையை அவை கடிக்க முடியாது. தீனியைப் பொடியாக்கி நனைத்துக் கொடுத்தால் இவை வளர்கின்றன. பிறகும் மிஞ்சுகிற குறைதான் எலும்பின் குறை.

அப்புறம் கூண்டு. தீனித் தட்டும் தண்ணீர்க் குழாயும் சாதாரண எலியின் உயரத்துக்கு வைத்தவை. ஒரு முறை ஒரு குட்டி பின்னங்காலில் எழும்பி, முகவாயைக் கம்பியில் உரசிக்கொண்டு, குழாய் நுனியை எட்டாமல் மறுபடி மறுபடி விழுவதைப் பார்த்தேன். நீளமான குழாயை மாற்றினேன், நனைத்த தீனியைத் தரையில் வைத்தேன். மூன்றே நாளில் எடை ஏறியது.

இதெல்லாம் சரி என்றால் வைட்டமின் டி ஏற்பி. அது இல்லாத குட்டிகள் பால் குடிக்கும் வரை இயல்பாகவே இருக்கும். அதற்குப் பிறகு ரத்தத்தில் கால்சியம் விழுந்து, எலும்பு ரிக்கெட்ஸ் போல வளைந்து, வளர்ச்சி நின்று, பின்னாளில் முடியும் கொட்டும். 2 சதவீதக் கால்சியம், 1.25 சதவீதப் பாஸ்பரஸ், 20 சதவீத லாக்டோஸ் கொண்ட தீனியைத் தந்தால் எலும்பு காப்பாற்றப்படுகிறது, முடி கொட்டுவது நிற்பதில்லை. அதனால் இந்தத் தீனி ஒரு நல்ல சோதனையும்கூட: எலும்பு மீண்டால் குறை குடலில் கால்சியம் ஏறாததில் இருக்கிறது, எலும்புச் செல்லில் இல்லை. பாஸ்பேட் மட்டும் குறைந்திருந்தால் சிறுநீரில் பாஸ்பேட்டை இழக்கும் ஹைப் எலியின் வழியில், சிறுநீரகத்தையும் எஃப்ஜிஎஃப்23 என்ற ஹார்மோனையும் தேடுங்கள்.

அறிகுறி: கன்ட்ரோல் குட்டிகளும் சிறியவை

ஒரு குறிப்பிட்ட திசுவில் மட்டும் மரபணுவை வெட்டி நீக்கப் பயன்படும் க்ரீ நொதியே குறையை உண்டாக்கலாம். ஆஸ்டெரிக்ஸ்-க்ரீ சுமக்கும் எலிகள் வேறு எந்த மரபணு நீக்கமும் இல்லாமலேயே சிறுத்தும், மண்டையோட்டு எலும்பு வளர்ச்சியில் குறைந்தும் காணப்படுகின்றன. நெஸ்டின்-க்ரீ எலிகளும் சிறியவை. அந்தத் துண்டோடு சேர்த்து வைத்திருந்த மனித வளர்ச்சி ஹார்மோன் மரபணுப் பகுதி மூளையின் ஹைப்போதலாமஸில் வேலை செய்ததே அதற்குக் காரணம் என்று பின்னால் தெரிந்தது. அதனால் க்ரீ வெட்டும் அடையாளமான லாக்ஸ்பி மட்டும் உள்ள குட்டி போதாது. க்ரீ மட்டும் உள்ள குட்டியும் அதே ஈற்றில் கன்ட்ரோலாக வேண்டும். பிஆர்எக்ஸ்1-க்ரீயைத் தந்தை வழியாகவே கொண்டுவாருங்கள்; பெண் எலியின் கருமுட்டையிலேயே அது வேலை செய்துவிடும், அப்போது கை கால் மட்டும் அல்ல, உடம்பு முழுக்க மரபணு போய்விடும். டாமோக்சிஃபென் கொடுத்துச் செய்யும் நீக்கம் என்றால் எல்லாக் குட்டிகளுக்கும் அதே அளவு டாமோக்சிஃபென் போட வேண்டும். ஈஸ்ட்ரோஜென் ஏற்பியைத் தொடும் மருந்து அது. எலும்பைத் தானாகவே மாற்றும்.

அறிகுறி: சாயம் ஏறிய எலும்புக்கூட்டில் சிவப்பு வரவில்லை

அல்சியன் நீலத்தில் குருத்தெலும்பு, அலிசரின் சிவப்பில் எலும்பு. நீலக் கரைசலில் அசிட்டிக் அமிலம் இருப்பதால் அதிக நேரம் ஊறினால் அது சுண்ணாம்பைக் கரைத்துவிடும். பிறகு சிவப்பு பிடிக்காது, எலும்பே இல்லை என்று தோன்றும். இயல்பான உடன்பிறப்பை அதே குடுவையில் போடுங்கள். அதுவும் வெளிறினால் குற்றம் குடுவையுடையது.

அறிகுறி: தலைமுறை போகப் போக குறை மறைகிறது

எலிகளை வேறு இனத்தோடு கலந்து வளர்க்கும்போது பின்னணி மரபணுக்கள் மாறுகின்றன. கடுமையாக இருந்த குட்டிகள் இறந்து, தாங்கியவை மட்டும் இனம் பெருக்குகின்றன. டிரான்ஸ்ஜீன் என்றால் பிரதிகள் அமுங்கிப்போவதும் உண்டு. முதல் தலைமுறைகளின் விந்தணுவை உறைய வைத்திருந்தால் அங்கே திரும்பலாம்.

கடைசியாக, இந்தக் குட்டிகளை வைத்திருக்கும் விதம். குள்ள எலிக்கு உடம்புச் சூடு நிற்காது. தனிக் கூண்டில் போட்டால் இளைத்து இறந்துவிடக்கூடும். அதையும் குறையின் ஒரு பகுதி என்று எழுதிவிடுவார்கள். பால் மறப்பதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். பிறகு இயல்பான அளவுள்ள பெண் எலி இரண்டை உடன் வையுங்கள், கூடு கட்டப் பஞ்சு தாராளமாகப் போடுங்கள். இரவில் பெரிய எலிகளுக்கு நடுவே சின்னது புதைந்து தூங்கும். காலையில் எடை போடும்போது தராசில் அந்த வித்தியாசம் தெரியும்.